குடலுக்கும் ஒரு நேரம்: தண்டுவடக் காயத்துக்குப் பிறகு மலம் கழித்தல்

பனையிலிருந்து விழுந்தவர், பைக் விபத்தில் அடிபட்டவர் என்று தண்டுவடம் பாதித்துப் படுத்திருப்பவரைப் பார்க்க வருகிறவர்கள் எல்லாரும், "எப்போ நடப்பார்?" என்றுதான் கேட்கிறார்கள். வீட்டாரின் அன்றாடக் கவலையோ மோஷன் பற்றியது. இன்றைக்குப் போகுமா, வெளியே கிளம்பிய நேரத்தில் போய்விடுமா? இதை யாரிடமும் வாய்விட்டுக் கேட்க முடியாமல் எத்தனையோ பேர் வீட்டுக்குள்ளேயே முடங்கிப் போகிறார்கள். முடங்க வேண்டியதில்லை. மலம் வரும்வரை காத்திருக்காமல், நாம் குறித்த நேரத்தில் அதை வரவைக்கப் பழக்க முடியும்.

குடலுக்கென்று சொந்தமாக ஒரு நரம்புப் பின்னல் இருக்கிறது. அதனால் காயத்துக்குப் பிறகும் சாப்பாடு செரித்து நகரும், வேகம்தான் குறையும். மலக்குடல் நிறைந்துவிட்டது என்ற சேதி மூளைக்கு ஏறுவதும், 'அடக்கு', 'விடு' என்ற உத்தரவு கீழே இறங்குவதும் தடைபடுகின்றன. இந்த வேலையைக் கவனிக்கும் நரம்புகள் தண்டுவடத்தின் அடிநுனியில் இருக்கின்றன. அடி அந்த நுனிக்கு மேலே பட்டதா, நுனியிலேயே பட்டதா என்பதை வைத்துப் பராமரிப்பு முறை மாறும்.

மேலே பட்டிருந்தால் ஆசனவாய்த் தசை இறுக்கமாக இருக்கும், அனிச்சைச் செயலும் பிழைத்திருக்கும். உள்ளே தூண்டினால் குடல் தானாகச் சுருங்கித் தள்ளும். நுனியிலோ அதற்குக் கீழே உள்ள நரம்புக் கொத்திலோ பட்டிருந்தால் தசை தளர்ந்துவிடும், தூண்டினாலும் பெரிதாகப் பலன் இருக்காது. எந்த வகை என்பதை மருத்துவர் விரலால் பரிசோதித்துச் சொல்வார். அடிபட்ட முதல் சில வாரங்களில் எல்லா அனிச்சைச் செயலும் அடங்கிக் கிடக்கலாம் என்பதால் பிறகு ஒருமுறை மறுபடியும் பார்க்கச் சொல்லுங்கள். அக்கம்பக்கத்தில் இன்னொருவர் செய்யும் முறையை அப்படியே பின்பற்றி அவதிப்படுகிறவர்கள் பலர். அவருடைய காயம் வேறு, உங்களுடையது வேறு.

இறுக்கமான வகைக்கு வழக்கமான முறை இது. தினமும் அல்லது ஒருநாள் விட்டு ஒருநாள், அதே நேரம். சாப்பிட்டோ சூடாகக் காபி குடித்தோ 20, 30 நிமிடத்தில் குடல் இயல்பாகவே அசையும். அந்த வேளையைப் பிடித்துக்கொள்ள வேண்டும். முதலில் சிறுநீரை வெளியேற்றிவிட்டு, முடிந்தால் கம்மோடு நாற்காலியில் உட்காருவது நல்லது. முடியாதவர்கள் இடப்பக்கம் ஒருக்களித்துப் படுக்கலாம். செய்பவர் நகம் வெட்டி, கையுறை போட்டு, விரலில் தாராளமாக ஜெல்லி தடவிக்கொள்ள வேண்டும். வாசலிலேயே கெட்டியான மலம் இருந்தால் அதை மெல்ல எடுத்துவிட்டு, ஆசனவாய் வழியாக வைக்கும் மாத்திரையை மலக்குடலின் சுவரை ஒட்டி வைக்க வேண்டும். மலத்துக்குள் செருகினால் அது வேலை செய்யாது. சோப்புத் துண்டை வைக்கும் பழக்கம் சில வீடுகளில் உண்டு. உள்தோல் புண்ணாகும், வேண்டாம்.

கால் மணி நேரம் கழித்து விரலை உள்ளே விட்டுச் சுவரோடு ஒட்டி மெதுவாக வட்டமாகச் சுற்ற வேண்டும். 15, 20 விநாடி போதும், ஒரு நிமிடத்தைத் தாண்டக் கூடாது. தசை இளகுவதும் காற்று பிரிவதும் கையிலேயே தெரியும். 5, 10 நிமிடத்துக்கு ஒருமுறை இப்படிச் செய்து, அடுத்தடுத்து இரண்டு முறை எதுவும் வராவிட்டால் முடிந்தது என்று கொள்ளலாம். எப்போதும் ஒரு மணி நேரத்துக்கு மேல் இழுத்தால் முறையில் ஏதோ மாற்ற வேண்டும்.

தளர்ந்த வகைக்கு விரலால் எடுப்பதுதான் வழி, தினமும் ஒன்று அல்லது இரண்டு முறை. இருமினாலும் நாற்காலி மாறினாலும் கசியும் என்பதால் மலக்குடலைக் காலியாக வைத்திருப்பதே பாதுகாப்பு. மலம் மிக இளகலாக இல்லாமல் சற்றுக் கெட்டியாக இருப்பது இவர்களுக்கு வசதி.

உட்காரும் இருக்கையில் மெத்தை வேண்டும். வலி தெரியாத தோலில் படுக்கைப்புண் சத்தமில்லாமல் வந்துவிடும். கழுவும் வெந்நீரையும் உணர்ச்சியுள்ள கையால் தொட்டுப் பார்த்த பிறகே ஊற்றுங்கள்.

கல்யாணம், பஸ் பயணம் என்றால் முந்தின நாளே பட்டினி கிடக்கிறவர்களை நினைத்தால் மனசு வலிக்கிறது. பட்டினியால் குடலின் பழக்கம்தான் கலையும். கீரை, காய், பழம், சிறுதானியம் எல்லாம் சாப்பிடலாம். நார்ச்சத்தை மட்டும் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்ட வேண்டும். மலச்சிக்கலுக்கு மாத்திரையும் காரணமாக இருக்கலாம். சிறுநீர்ப்பைக்குக் கொடுக்கும் ஆக்ஸிபியூட்டினின், இரும்புச்சத்து மாத்திரை, வலுவான வலிமருந்துகள் ஆகியவை குடலை மந்தமாக்கும். தானாக நிறுத்தாமல் மருத்துவரிடம் சொல்லுங்கள்.

வீட்டில் அடிக்கடி நடக்கும் ஆபத்தான தவறு ஒன்று உண்டு. சில நாள் மோஷன் போகாதவருக்குத் திடீரென்று தண்ணீராகப் போகும். பேதி என்று நினைத்து நிறுத்த மாத்திரை கொடுத்துவிடுவார்கள். பல நேரம் உள்ளே இறுகி அடைத்திருக்கும் மலத்தைச் சுற்றி வழிந்துவரும் நீர்தான் அது. மாத்திரை கொடுத்தால் அடைப்பு இன்னும் இறுகும். முதலில் பரிசோதனை, பிறகுதான் மருந்து.

மார்புப் பகுதியின் ஆறாவது தண்டுவட மட்டத்திலோ (டாக்டர்கள் டி-6 என்பார்கள்) அதற்கு மேலோ அடிபட்டவர்களின் குடும்பம் கட்டாயம் தெரிந்திருக்க வேண்டியது இன்னொன்று. மலம் அடைத்தாலோ விரல் பட்டாலோகூட இவர்களுக்கு ரத்த அழுத்தம் திடீரென்று ஏறலாம். மண்டை பிளக்கும் தலைவலி, முகம் சிவப்பது, காயத்துக்கு மேலே வியர்ப்பது இதன் அடையாளங்கள். இவர்களின் வழக்கமான அழுத்தமே 90, 100 என்று இருக்கும். எனவே 130 என்பதைச் சாதாரணம் என்று விட்டுவிடக் கூடாது. செய்வதை உடனே நிறுத்தி, நிமிர்த்தி உட்காரவைத்து, இறுக்கமான துணியைத் தளர்த்தி, சிறுநீர்க் குழாய் அடைத்திருக்கிறதா என்று பாருங்கள். அடங்கவில்லை என்றால் தாமதிக்காமல் ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். இந்தத் தொந்தரவு முன்பு வந்திருந்தால், தூண்டும் முன் மரத்துப்போகச் செய்யும் லிக்னோகெயின் ஜெல்லியைப் பயன்படுத்துவது பற்றி மருத்துவரிடம் கேளுங்கள்.

இதையெல்லாம் வாசித்து மட்டும் பழக முடியாது. கூட இருந்து ஒருவர் கற்றுத்தர வேண்டும். வேலூர் சி.எம்.சி.யின் பாகாயம் மறுவாழ்வு மையம் 1966இல் தொடங்கியது. அதற்குக் காரணமாக இருந்த டாக்டர் மேரி வர்கீஸ், 1954இல் விபத்தில் தண்டுவடம் அடிபட்டு, சக்கர நாற்காலியில் அமர்ந்தபடியே அறுவை சிகிச்சை செய்தவர். தென்காசி ஆய்க்குடியில் அமர் சேவா சங்கமும் இத்தகைய மறுவாழ்வுப் பணி செய்கிறது. கையில் பலம் இருப்பவர் தானே செய்யக் கற்றுக்கொள்வது மிக முக்கியம். எத்தனை அன்பான மனைவியானாலும் அம்மாவானாலும், இந்த ஒன்றை இன்னொருவர் கையில் விட்டுவிட வேண்டியிருப்பது எல்லாருக்கும் பாரம். இயலாதவர்கள் எப்போது, எப்படி என்பதையாவது தாங்களே சொல்லிச் செய்விக்க வேண்டும்.

எதை மாற்றினாலும் ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றி, மூன்று முதல் ஐந்து முறை பார்த்துவிட்டு அடுத்ததை யோசியுங்கள். நேரம், மாத்திரை, வந்த அளவு, கசிவு எல்லாவற்றையும் ஒரு நோட்டில் குறித்து வைத்தால் மருத்துவருக்கும் உதவும். எதுவும் சரிவராதவர்களுக்குக் குழாய் வழியாகத் தண்ணீர் செலுத்திக் குடலைக் கழுவும் முறை உண்டு. வயிற்றில் வழி வைத்துப் பையில் மலத்தைச் சேகரிக்கும் கொலோஸ்டமி அறுவை சிகிச்சையும் உண்டு. தினமும் இரண்டு மூன்று மணி நேரத்தை இதிலேயே தொலைக்கிறவர் அதைக் கடைசிப் புகலிடம் என்று தள்ளிப்போடாமல் மருத்துவரிடம் பேசிப் பார்க்கலாம். வயிறு உப்பி வாந்தி வந்தாலோ, ரத்தம் நிற்காமல் வந்தாலோ மட்டும் நோட்டும் வேண்டாம், யோசனையும் வேண்டாம். அன்றைக்கே டாக்டரைப் பாருங்கள்.