சைக்கிளில் டேரா போடப் போறீங்களா? ராத்திரி படுக்கும் இடத்தை முதலில் பாருங்கள்!

புதுவை, மே.-

கத்திரி வெயில் மண்டையைப் பிளக்கிறது. ஆனாலும் நம்ம ஊர்ப் பையன்கள் அடங்குவார்களா? பரீட்சை முடிந்தாச்சு. லீவு விட்டாச்சு. "மச்சி, சைக்கிளை எடு. மூணு நாள் டூர். கடலோரம் டேரா. ராத்திரி அங்கேயே சமையல்" என்று தெருவுக்குத் தெரு பிளான் நடக்கிறது.

நல்ல பிளான்தான். பெட்ரோல் செலவு கிடையாது. பஸ்சில் இடிபட வேண்டாம். ஆனால் பகலில் எத்தனை கிலோ மீட்டர் மிதிப்பது என்றுதான் எல்லோரும் கணக்குப் போடுகிறார்கள். ராத்திரி எங்கே தலை சாய்ப்பது என்று யாரும் கேட்பதில்லை. புதுவையைச் சுற்றி பெரும்பாலும் சமதரை. மிதிப்பது சுலபம். விவகாரம் எல்லாம் படுக்கும் இடத்தில்தான் வருகிறது.

எல்லை மாறும்

கிழக்குக் கடற்கரைச் சாலையில் வடக்கே போகிறீர்கள் என்று வையுங்கள். முத்தியால்பேட்டை வரை புதுவை. அதைத் தாண்டினால் கோட்டக்குப்பம், அது தமிழ்நாடு. சின்ன முதலியார்சாவடி, பொம்மையார்பாளையம் எல்லாம் விழுப்புரம் மாவட்டம். இன்னும் கொஞ்சம் மிதித்தால் காலாப்பட்டு. மறுபடி புதுவை! பல்கலைக்கழகமும் மத்திய சிறையும் இங்கேதான் இருக்கின்றன. கனகசெட்டிகுளம் தாண்டினால் திரும்பவும் தமிழ்நாடு. சுமார் 15 கிலோ மீட்டருக்குள் இத்தனை மாற்றம். பிரெஞ்சுக்காரர்கள் ஆண்ட நிலம் துண்டு துண்டாகக் கிடந்தது. 1954-ல் அவர்கள் ஆட்சியை ஒப்படைத்தபோதும் துண்டுகள் அப்படியே வந்து சேர்ந்தன.

ராத்திரி தூங்கி எழுந்தால் சைக்கிளைக் காணோம். ஸ்டேஷனுக்கு ஓடினால் முதல் கேள்வி, "சம்பவம் எங்கப்பா நடந்துச்சு?" என்பதுதான். இடம் சொல்லத் தெரியாமல் முழித்தால் கோட்டக்குப்பத்துக்கும் காலாப்பட்டுக்கும் நடக்க வேண்டியதுதான்.

2024 ஜூலை 1-ந் தேதி அமலுக்கு வந்த புதிய சட்டப்படி, சம்பவம் எந்த எல்லையில் நடந்தாலும் எந்த ஸ்டேஷனிலும் புகாரை வாங்கிப் பதிவு செய்ய வேண்டும். "ஜீரோ எப்.ஐ.ஆர்." என்று பெயர். இந்தப் பெயரைக் கேட்டு வாங்குங்கள். அதோடு, படுக்கும் இடத்தின் கிராமப் பெயரையும், சைக்கிள் பிரேமில் உள்ள நம்பரையும் கிளம்பும் முன்பே ஒரு பேப்பரில் குறித்து வையுங்கள்.

பாட்டில் வேண்டாம்

இன்னொரு விஷயம். கேரியரில் அரிசி, பாத்திரம், போர்வை வைக்கிறீர்கள். சரி. நடுவில் ஒரு பாட்டிலைச் செருகினால் டூர் அங்கேயே முடிந்தது. புதுவைச் சரக்கைத் தமிழ்நாட்டுக்குள் கொண்டு போனால் மதுவிலக்குச் சட்டப்படி வழக்கு. சைக்கிள்தானே, யார் சோதிக்கப் போகிறார்கள் என்று நினைக்காதீர்கள். கோட்டக்குப்பம் வழியில் எல்லை எங்கே தாண்டியது என்று உங்களுக்கே தெரியாது. போலீசாருக்குத் தெரியும்!

கரை எங்கே?

கடலோரம் டேரா என்கிறார்களே, வடக்கே கரை எங்கே இருக்கிறது? 1980-களின் கடைசியில் புதுவைத் துறைமுகத்துக்காகக் கல்லைக் கொட்டி அலைத்தடுப்புச் சுவர் கட்டினார்கள். தெற்கிலிருந்து வடக்கே நகர்ந்து வந்த மணல் அங்கேயே நின்றுவிட்டது. வடக்கே மணல் வராமல் கடல் ஊரை அரித்தது. சின்ன முதலியார்சாவடி, பிள்ளைச்சாவடி பக்கம் மீனவர்கள் வீட்டையே பறிகொடுத்தார்கள். மீனவர்களுக்கே வலை காயவைக்க இடம் இல்லாதபோது உங்கள் டெண்டுக்கு ஏது இடம்?

தெற்கே வீராம்பட்டினத்தில் மணல் உண்டு. ஆனால் அது மீனவர்கள் தொழில் செய்யும் கரை. ஊர்ப் பஞ்சாயத்தாரைக் கேட்காமல் இறங்காதீர்கள். கேட்டாலும் கடலில் மட்டும் இறங்காதீர்கள். பார்க்க சாதுவாக இருக்கும், காலை இழுக்கும். லீவு நாட்களில் வெளியூர் வாலிபர்கள் மூழ்கிய செய்தி எத்தனை முறை வந்திருக்கிறது! அவர்களில் நீச்சல் தெரிந்தவர்களும் உண்டு.

மேற்கே திரும்புங்கள்

என்னைக் கேட்டால் கடலை விட்டுவிட்டு மேற்கே போகலாம். சுமார் 10 கிலோ மீட்டரில் ஊசுட்டேரி. இந்த ஏரியிலும் எல்லை உண்டு. ஒரு பகுதி புதுவை, ஒரு பகுதி தமிழ்நாடு. இரண்டு அரசும் பறவைகள் சரணாலயமாக அறிவித்துவிட்டன. அதனால் கரையில் டேராவும் கூடாது, அடுப்பும் கூடாது. விடியற்காலையில் போய்ப் பறவையைப் பார்த்துவிட்டு நடையைக் கட்டுங்கள்.

அங்கிருந்து சங்கராபரணி ஆற்றங்கரையில் இருக்கும் திருவக்கரைக்குப் போகலாம். வக்கிரகாளியம்மன் கோயில் தெரியாதவர் இல்லை. பக்கத்திலேயே கல்லாகிப்போன மரங்கள் கிடக்கின்றன. சுமார் 2 கோடி வருஷத்து மரம் என்கிறார்கள். பட்டை, ரேகை எல்லாம் மரம் மாதிரியே, தட்டினால் கல்! மத்திய அரசின் புவியியல் துறை வேலி போட்டுக் காக்கிறது. ஞாபகத்துக்கு ஒரு துண்டு என்று பையில் போட்டால் அதுவும் குற்றம்.

ஊரில் பெரியவர்களைப் பார்த்து, "ஐயா, ஒரு ராத்திரி தங்கிக்கிறோம்" என்று மரியாதையாகக் கேட்டால் திண்ணையோ மண்டபமோ கிடைக்கலாம். பொழுது சாய்வதற்கு முன்பே போய்க் கேட்கவேண்டும். இருட்டில் நாலு பேர் டார்ச் அடித்துக்கொண்டு வந்தால் எந்த ஊரிலும் சந்தேகம்தான் வரும். பவுர்ணமியன்று போகாதீர்கள். கோயிலில் ஜனக் கூட்டம் அலைமோதும், உட்காரவும் இடம் இருக்காது.

வெயில் என்ன செய்யும்?

காலை 5 மணிக்குக் கிளம்பி 9 மணிக்குள் நிழல் சேர்ந்துவிட வேண்டும். அப்புறம் சாயங்காலம் 4 மணிக்கு மேல்தான் சைக்கிள். நடுவில் நுங்கு, மோர், நீராகாரம். ஒரு லிட்டர் கொதித்து ஆறிய தண்ணீரில் 6 டீஸ்பூன் சர்க்கரை, அரை டீஸ்பூன் உப்பு கலந்து ஆளுக்கு ஒரு பாட்டில் கட்டுங்கள். கூட வருகிறவன் உளறினாலோ, உடம்பு கொதித்து மயங்கினாலோ அவனைக் கேலி செய்து கொண்டிருக்கக்கூடாது. நிழலில் படுக்க வைத்து ஈரத் துணியால் உடம்பைத் துடைத்து 108-க்குப் போன் போடவேண்டும். அந்த நம்பருக்கு எல்லைத் தகராறு கிடையாது, இரண்டு பக்கமும் வரும்.

சைக்கிள் விஷயம் சுருக்கம்தான். டவுனைச் சுற்ற வாடகைக்கு விடும் வண்டி மூட்டை சுமக்காது. சொந்த வண்டியாக இருந்தாலும் பிரேக் கட்டை, செயின், பின்சக்கர ஸ்போக்ஸ் மூன்றையும் கடையில் காட்டுங்கள். ஒரு டியூப், பஞ்சர் சொல்யூஷன், கைப்பம்பு கட்டாயம். பின்னால் சிவப்பு விளக்கு இல்லாதவன் இருட்டிய பிறகு கடற்கரைச் சாலைப் பக்கமே வரக்கூடாது. அங்கே சொகுசு பஸ்களும் கார்களும் போகிற வேகம் வாசகர்களுக்குத் தெரியும்.