கல் வேண்டாம், தகவல் போதும்

"தாத்தா காலத்து ஆட்டுக்கல்லு சார். மியூசியத்துல எடுத்துக்குவாங்களா?"

இந்தக் கேள்வி வராத மாதம் கிடையாது. கிரைண்டர் வந்ததும் ஆட்டுக்கல், அம்மி, திருகை எல்லாம் சமையல்கட்டிலிருந்து வாசலுக்கு வந்தன. வாசலுக்கு டைல்ஸ் ஒட்டியபோது தெருவோரம் போயின. அடுத்த இடம் மியூசியம்தான் என்று சனங்கள் நினைக்கிறார்கள். தூக்கி எறிய மனம் வராமல்தானே கேட்கிறார்கள், குறை சொல்ல முடியாது. ஆனால் ஓர் ஆட்டுக்கல்லுக்கும் இன்னொன்றுக்கும் கண்ணால் பார்த்து வித்தியாசம் சொல்வது கஷ்டம். வித்தியாசமெல்லாம் அதைப் பற்றிய பேச்சில் இருக்கிறது. எந்தப் பாறையில் வெட்டியது, கொத்திக் கொடுக்க எந்த ஊரிலிருந்து ஆள் வருவார், கூலியைக் காசாகக் கொடுத்தார்களா ராகியாக அளந்தார்களா? கேட்க வந்தவரை உட்கார வைத்து இதையெல்லாம் எழுதிக்கொள்கிறேன். கல் அவர் வீட்டிலேயே இருக்கட்டும்.

நான் அருங்காட்சியக ஊழியன் அல்ல. பர்கூர் பக்கத்தில் உரக்கடை வைத்திருப்பவன். கிருஷ்ணகிரி காந்தி சாலையில் 1993 முதல் அரசு அருங்காட்சியகம் இருக்கிறது. மாவட்ட அருங்காட்சியகம் என்றால் பெரிய படையை நினைத்துவிடாதீர்கள். காப்பாட்சியர் ஒருவர், கூட சிலர், அவ்வளவுதான். கிராமங்களோ நூற்றுக்கணக்கில். நடுவில் ஓடியாட எங்களைப் போலச் சிலர்: ஓய்வுபெற்ற தமிழாசிரியர், செல்போன் கடைத் தம்பி, கல்லூரிப் பிள்ளைகள் சிலர். எங்களுக்குச் சம்பளமும் கிடையாது, பயணப்படியும் கிடையாது. ஞாயிற்றுக்கிழமை உண்டு.

உரக்கடை இந்த வேலைக்கு வாகான இடம். மா பூக்கும் காலத்தில் மருந்து வாங்க வருகிறவர்கள் கொஞ்ச நேரம் நின்று பேசாமல் போவதில்லை. பேச்சு மழையில் தொடங்கி, மாங்காய் விலையில் புரண்டு, நிலத்துக்கு வரும். "கொல்லையில ஒரு கல்லு நிக்குது சார், ஆளு வில்லு புடிச்சிட்டு நிக்கறான்" என்று யாராவது சொன்னால் அன்றைக்கு எனக்கு வியாபாரம் இரண்டாம்பட்சம். என் கடன் நோட்டைப் புரட்டினால் வேடி, வேடியப்பன் என்ற பெயர்கள் வரிசையாக வரும். கிருஷ்ணகிரி, தருமபுரி, திருவண்ணாமலைப் பக்கங்களில் பல நடுகற்களுக்கு வேடியப்பன் என்ற பெயரில்தான் பொங்கல் வைக்கிறார்கள். சாமிக்கும் வரலாற்றுக்கும் இங்கே ஒரே கல்.

நடுகல் என்றால் என்ன என்று தெரியாதவர்களுக்குச் சுருக்கமாகச் சொல்கிறேன். மாடுபிடிச் சண்டையிலோ, ஊரைக் காக்கும்போதோ, புலியைக் குத்தியோ செத்துப்போனவனுக்கு ஊரார் நட்ட கல். தேனி மாவட்டம் புலிமான்கோம்பையில் 2006இல் கிடைத்த மூன்று நடுகற்களில் தமிழ் பிராமி எழுத்து இருக்கிறது, இரண்டாயிரம் ஆண்டுக்கும் பழையவை. அதில் ஒன்று மாடு கவர்ந்த சண்டையைச் சொல்கிறது. எங்கள் பகுதியில் கிடைப்பவற்றில் பல்லவர் காலத்துக் கற்கள் வட்டெழுத்தில் இருக்கும். ஓசூர் பக்கம் போனால் எழுத்து கன்னடமாகும், கல்லும் அடுக்கடுக்காகும். கீழ் அடுக்கில் சண்டை, நடு அடுக்கில் வீரனைத் தேவமகளிர் தூக்கிப் போவது, மேல் அடுக்கில் அவன் சிவலோகத்தில் லிங்கத்தின் முன் இருப்பது. படிக்கத் தெரியாதவருக்கும் கதை புரிந்துவிடும்.

எனக்குப் பிடித்த கல் எங்கள் மாவட்டத்தில் இல்லை. திருவண்ணாமலை மாவட்டம் எடுத்தனூரில் இருக்கிறது. முதலாம் மகேந்திரவர்மனின் 34ஆம் ஆட்சியாண்டு. கருந்தேவக்கத்தி என்பவன் தன் எருமைகளுக்காகச் செத்திருக்கிறான். அவன் காலடியில் ஒரு நாய். கல்லில் அந்த நாய்க்குப் பெயரும் பொறித்திருக்கிறார்கள், கோவிவன். இரண்டு கள்ளர்களைக் கடித்துக் காவல் நின்றதாம். ஏழாம் நூற்றாண்டில் ராஜாக்கள் எந்தக் கோட்டையைப் பிடித்தார்கள் என்பதை எங்கேயாவது படித்துக்கொள்ளலாம். ஒரு மாட்டுக்கார ஊர் தன் நாயின் பெயரை மறக்கக் கூடாது என்று நினைத்ததை இந்தக் கல் இல்லாவிட்டால் யார் சொல்வார்கள்? பள்ளிப் பிள்ளைகளிடம் நடுகல் பற்றிப் பேசும்போது மகேந்திரவர்மனைக் கடைசியில் வைத்துக்கொண்டு கோவிவனில் தொடங்குவேன். கடைசி பெஞ்சும் நிமிர்ந்து உட்காரும்.

மசிப்படி எடுப்பதைப் பக்கத்தில் இருந்து பார்த்துவிட்டால் இந்தப் பைத்தியம் லேசில் விடாது. முதலில் கல்லைத் தண்ணீர் விட்டுப் பிரஷ்ஷால் கழுவ வேண்டும். கம்பி பிரஷ் கூடாது, ஆசிட் பக்கமே போகக் கூடாது. பிறகு கெட்டியான தாளை நனைத்துக் கல்மேல் விரித்து, அடர்த்தியான முடியுள்ள பிரஷ்ஷால் நடுவிலிருந்து ஓரத்தை நோக்கித் தட்டிக்கொண்டே வர வேண்டும். உள்ளே காற்று நின்றால் அந்த இடத்தில் எழுத்து போச்சு. தட்டத் தட்ட, நனைந்த வேட்டி காலோடு ஒட்டுவது போலத் தாள் எழுத்துப் பள்ளத்துக்குள் இறங்கி ஒட்டிக்கொள்ளும். அப்புறம் பொறுமை. தாள் முழுக்கக் காய்ந்தால் உரிந்து வந்துவிடும், ஈரம் அதிகமிருந்தால் மை ஊறிவிடும். எங்கள் தமிழாசிரியர் புறங்கையை வைத்துப் பார்த்து "ம்" என்பார். அதுதான் பக்குவம். துணி சுற்றிய குண்டில் மையைத் தொட்டு, தேய்க்காமல், ஒற்றி ஒற்றி எடுப்பார். மேடெல்லாம் கறுக்கும், பள்ளம் வெள்ளையாக நிற்கும். வெறுங்கண்ணால் பார்த்தபோது சொறிந்த பாறையாகத் தெரிந்தது, தாளில் வரிவரியாக எழுந்து வரும். சுற்றி நிற்கும் ஊர்க்காரர்கள் அந்த நேரத்தில் கப்சிப். உடனே யாராவது "புதையல் எங்க இருக்குன்னு எழுதியிருக்கா?" என்பார்கள். எல்லா ஊரிலும் கேட்பார்கள்.

தாள் எடுக்க வசதியில்லாத இடத்தில் செல்போன் தம்பியின் முறை. இருட்டிய பிறகு டார்ச்சைக் கல்லுக்குப் பக்கவாட்டில் சாய்த்துப் பிடித்தால் நிழல் விழுந்து எழுத்து எழும். பக்கத்தில் அளவுகோல் வைத்துப் படம் எடுப்பான். எழுத்து தெளிவாகத் தெரியட்டும் என்று சிலர் மைதா மாவைப் பூசிப் படம் எடுக்கிறார்கள். அதைப் பார்த்தால் ஆசிரியருக்குக் கோபம் வரும்.

தொண்டு என்றதும் ஊரிலிருக்கும் கல்லையெல்லாம் வண்டியில் ஏற்றி மியூசியத்தில் அடுக்குவது என்று நினைப்பவர்கள் உண்டு. எனக்கு அதில் உடன்பாடு இல்லை. ரோடு போடும்போதோ, ஜேசிபி நிலம் சமன்படுத்தும்போதோ, குவாரிக்குப் பாறை உடைக்கும்போதோ பிழைக்க வழியில்லாத கல் என்றால் காப்பாட்சியரிடமும் தாசில்தாரிடமும் சொல்லி முறைப்படி எடுத்துவர வேண்டியதுதான். மற்றபடி நிற்கும் இடத்தில்தான் கல்லுக்கு அர்த்தம் முழுசாக இருக்கிறது. எந்த ஓடைக்கரை, எந்த மேய்ச்சல் வழி, எந்தக் கணவாய் என்பதெல்லாம் கல்லில் எழுதியிருக்காது. கல்லைப் பெயர்த்த அன்றே அது போய்விடும். எடுத்துத்தான் ஆக வேண்டும் என்றாலும் அதற்கு முன் இடத்தை எழுதிவிட வேண்டும்.

இடத்தை எழுதுவது என்பதும் லேசில்லை. 1970களில் தமிழ்நாடு தொல்லியல் துறை இந்தப் பக்கமெல்லாம் அலசியது. இரா. நாகசாமி பதிப்பித்த 'செங்கம் நடுகற்கள்' 1972இல் வந்தது. 'தருமபுரி கல்வெட்டுகள்' அதன்பின் வந்தது. இரண்டும் எங்களுக்கு வேதம். ஆனால் செங்கம் அப்போது வட ஆற்காடு மாவட்டம், 1989இல்தான் திருவண்ணாமலைக்குப் போனது. எங்கள் ஊர்களெல்லாம் 1965 வரை சேலம், 2004 வரை தருமபுரி, அதற்குப் பிறகு கிருஷ்ணகிரி. தாலுகாக்களையும் பிரித்துப் பிரித்துப் புதிது புதிதாக ஆக்கிவிட்டார்கள். பழைய நூலில் போட்ட முகவரியைப் பிடித்துக்கொண்டு போனால், அந்த ஊரே இப்போது நான்கு ஊராகியிருக்கும். அதனால் எங்கள் தாளில் ஊர், குக்கிராமம், புல எண், நிலத்துக்காரர் கொல்லையை எப்படி அடையாளம் சொல்கிறார் என்பதோடு அட்சரேகை, தீர்க்கரேகையும் இருக்கும். கலெக்டர் ஆபீஸ் எத்தனை முறை மாறினாலும் அந்த இரண்டு எண்கள் மாறாது.

நிலத்துக்காரரின் பயம் தனி விஷயம். "சொன்னா கவர்மெண்டு நெலத்த எடுத்துக்கும்." பாதிக் கற்கள் வெளியே வராமல் இருப்பது இந்த ஒரு வாக்கியத்தால். ஒரு நடுகல் கிடைத்தது என்பதற்காக நிலம் கைமாறாது. ஓர் இடத்தைப் பாதுகாக்கப்பட்ட சின்னம் ஆக்க வேண்டுமென்றால் அரசு தனியாக அறிவிக்கை போட வேண்டும். எல்லாக் கல்லுக்கும் அது நடப்பதில்லை.

மண்ணுக்குள்ளிருந்து காசுப் பானையோ செப்புச் சிலையோ வந்தால்தான் சட்டம் வேறு. 1878ஆம் ஆண்டின் புதையல் சட்டம் இன்னும் நடப்பில் இருக்கிறது. பத்து ரூபாய்க்கு மேல் மதிப்புள்ள புதையலை கலெக்டருக்குத் தெரிவித்தே ஆக வேண்டும். வி.ஏ.ஓ.விடம் சொன்னால் தாசில்தார் வழியாகப் போகும். அந்தக் காலத்துப் பத்து ரூபாய் என்று சிரிக்க வேண்டாம், மறைத்தால் தண்டனை உண்டு. சொன்னவருக்குப் பங்கும் உண்டு என்பதுதான் பலருக்குத் தெரியாது. உரிமை கோருவோர் இல்லாதபோது, வேறு ஒப்பந்தம் இல்லாவிட்டால், கண்டெடுத்தவருக்கு முக்கால் பங்கு, நிலத்துக்காரருக்குக் கால் பங்கு என்பது அந்தச் சட்டத்தின் கணக்கு. அரசு தானே வைத்துக்கொள்வதானால் மதிப்போடு ஐந்தில் ஒரு பங்கு சேர்த்துக் கொடுக்க வேண்டும். பழசு வாங்க வருகிற ஆள் இதையெல்லாம் சொல்வானா? நூறு ஆண்டைத் தாண்டிய சிலைகளை உரிமமில்லாமல் வியாபாரம் செய்வது 1972ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம் என்பதையும் சொல்ல மாட்டான். கடைக்கு வருகிறவர்களிடம் யூரியா மூட்டையோடு இந்த இரண்டு சட்டத்தையும் சேர்த்து ஏற்றி அனுப்புகிறேன்.

எங்களுக்கும் ஒரு கட்டுப்பாடு இருக்கிறது: தோண்டக் கூடாது. பர்கூர் வட்டம் மயிலாடும்பாறையில் கிடைத்த இரும்பின் காலம் கி.மு. 2172 என்று 2022இல் அறிவித்த பிறகு, எங்கள் பக்கம் கடப்பாரையோடு ஆர்வம் கூடிவிட்டது. மண்ணடுக்கு குலைந்தால் காலத்தைச் சொல்ல ஆதாரமே இருக்காது. உரிமம் பெற்ற தொல்லியலாளர்களின் வேலை அது. பானை ஓடு கண்ணில் பட்டால் படம் எடுத்து, இடத்தைக் குறித்து, காப்பாட்சியருக்கு அனுப்பிவிட்டு வந்துவிட வேண்டும். 'பாண்டவர் வீடு' என்று சனங்கள் சொல்லும் கற்திட்டைகளுக்குள் ஆட்டைக் கட்டினாலும் பரவாயில்லை, பலகைக் கல்லை வேலிக்குப் பெயர்க்காமல் இருந்தால் போதும் என்கிற அளவுக்கு நான் சமாதானத்துக்கு வந்துவிட்டேன்.

உண்மையான பேரம் கோயில் கற்களில்தான். கல் சாமியாக நிற்கும் இடத்தில் செருப்பைக் கழற்றி, தேங்காய் உடைத்து, பூசாரி தலையசைத்த பிறகுதான் தாளை விரிப்போம். ஒரு ஊரில் வேடியப்பனுக்குக் கட்டடம் கட்டத் தீர்மானித்தார்கள். கல்லுக்கு எனாமல் பெயின்ட் அடித்து, மீசைக்குக் கறுப்பு, வாளுக்குச் சில்வர் என்று திட்டம். எழுத்து தலைக்கு மேலே நான்கு வரி. பெயின்ட் ஏறினால் அதோடு தீர்ந்தது. எங்கள் மாணவி ஒருத்தி மசிப்படித் தாளைக் கோயில் திண்ணையில் விரித்து, வட்டெழுத்தை விரல் வைத்து எழுத்துக் கூட்டிப் படித்துக் காட்டினாள். வீரனின் பெயர் வந்த இடத்தில் ஒரு பாட்டி கன்னத்தில் போட்டுக்கொண்டார். "இத்தனை நாளா பேரு தெரியாம கும்பிட்டிருக்கோம்" என்றார் ஊர்க்கவுண்டர். பெயின்ட் யோசனை அங்கேயே விழுந்தது என்று சொல்ல ஆசைதான். விழவில்லை. உருவத்துக்கு விசேஷத்தன்று மஞ்சள், சந்தனம், எழுத்துள்ள பகுதியில் எண்ணெய்கூடப் படக் கூடாது என்று மூன்று கூட்டம் போட்டுப் பேசி முடித்தோம்.

அதற்குப் பதிலாக அவர்கள் ஒரு பெயர்ப்பலகை கேட்டார்கள். ஆசிரியர் 'கி.பி. 7ஆம் நூற்றாண்டு நடுகல்' என்று தொடங்கி எழுதிக்கொடுத்தார். பூசாரி வாங்கிப் படித்துவிட்டு இரண்டு திருத்தம் சொன்னார். முதல் வரி 'அருள்மிகு வேடியப்பன்' என்று இருக்க வேண்டும், வரலாறு அதற்குக் கீழே. இரண்டாவது, "நூற்றாண்டுக் கணக்கு எங்க சனத்துக்குப் புரியாது சார், ஆயிரத்து முந்நூறு வருசம்னே போட்டுடுங்க." இரண்டையும் ஒத்துக்கொண்டோம். பலகைச் செலவில் பாதியைக் கோயில் கணக்கில் எழுதினார்கள், மீதி எங்களுடையது.