பூட்டும் புதுக்கணக்கும்

காஞ்சிபுரம் என்றவுடன் கோபுரமும் பட்டும் நம் நினைவுக்கு வருகின்றன. கணக்கு நினைவுக்கு வருவதில்லை. ஆயினும் ஒவ்வொரு பட்டுச் சேலைக்குப் பின்னாலும் ஒரு கணக்கு நிற்கிறது. கூட்டுறவுச் சங்கம் நெசவாளருக்குப் பாவுப் பட்டையும் ஊடைப் பட்டையும் ஜரிகையையும் நிறுத்துக் கொடுக்கிறது. அவர் உடலுக்கு ஒரு நாடா, இரு கரைகளுக்கு இரு நாடா என்று மூன்று நாடாக்களை ஓட்டிக் கோர்வைச் சேலை நெய்து கொண்டுவருகிறார். சேலை நிறுக்கப்படுகிறது. கொடுத்த எடைக்கும் வந்த எடைக்கும் பொருத்தம் பார்க்கப்படுகிறது. பிறகு கூலி எழுதப்படுகிறது. முன்பு இவை யாவும் தடித்த பேரேடுகளில் எழுதப்பட்டன. இப்போது அப்பேரேடுகளின் இடத்தில் கணிப்பொறி வந்து அமர்ந்திருக்கிறது.

பெயரில்லாத ஒரு சங்கத்தைக் கற்பனை செய்துகொள்வோம். அதன் கிளையில் ஒரு குமாஸ்தா நாள்தோறும் வந்த சேலைகளை எக்செல் கோப்பு ஒன்றில் பதிந்து வருகிறார். இதை ‘வரவுக் கோப்பு’ என்போம். தலைமை அலுவலகத்தில் வேறொரு கோப்பு இருக்கிறது. அது வரவுக் கோப்பைத் தானே படித்து, நெசவாளர் வாரியாகக் கூலியைத் தொகுத்துக் காட்டுகிறது. இதை ‘கூலிக் கோப்பு’ என்போம். கூலி நாளன்று காலையில் ஒரு பொத்தானை அழுத்தினால் போதும். புதிய வரவுகள் அனைத்தும் தொகுப்பில் ஏறிவிடும். இதற்குத்தான் புதுப்பித்தல் என்று பெயர்.

தணிக்கை நெருங்குகிறது. “கணக்கை யாரும் தொடாதபடி பூட்டி வையுங்கள்” என்று மேலிடத்திலிருந்து உத்தரவு வருகிறது. நல்ல உத்தரவுதான். குமாஸ்தாக்கள் இருவரும் தத்தம் கோப்புகளுக்குக் கடவுச்சொல் இட்டுவிடுகிறார்கள். அடுத்த கூலி நாள் வருகிறது. பொத்தானை அழுத்துகிறார்கள். ‘கோப்பு சிதைந்துள்ளது’ என்ற பொருளில் ஒரு செய்தி திரையில் தோன்றி மறைகிறது. தொகுப்பில் போன வாரத்து எண்களே நிற்கின்றன. வரிசையில் நின்ற முதியவரிடம், “ஐயா, இந்த வாரம் நீங்கள் சேலை கொடுத்ததாகக் கணக்கில் இல்லையே” என்கிறார்கள். பல நாட்கள் தறிக்குழியில் கால்வைத்து நெய்த சேலை அடுத்த அறை அலமாரியில் இருக்கிறது. கணக்கில் மட்டும் இல்லை. அந்த முதியவர் யாரிடம் போய் முறையிடுவார்?

இந்தப் பிழையின் மூலத்தைக் காண்பதே நம் இன்றைய பேச்சின் நோக்கம்.

முதலில் ஓர் உண்மையை மனத்தில் இருத்திக்கொள்ள வேண்டும். படிப்பது வேறு, எழுதுவது வேறு. பிரான்சு நாட்டின் லியோன் நகரத்து ஜக்கார்டு என்பவர் 1804-ஆம் ஆண்டளவில் துளையிட்ட அட்டைகளைக் கொண்டு பூவேலை நெய்யும் பொறியை அமைத்தார். காஞ்சித் தறிகளின் மேலும் அவர் பெயர் தாங்கிய பொறி ஏறியிருக்கிறது. தறி அட்டையிலுள்ள துளைகளைப் படிக்கிறது; அதற்கேற்ப இழைகளைத் தூக்குகிறது. ஆனால் அட்டையில் அது எதையும் எழுதுவதில்லை. படிக்கும் உரிமை மட்டுமே தறிக்கு உண்டு; எழுதும் இடம் துணி. புதுப்பித்தலும் இத்தகையதே. மூலக் கோப்பில் படிக்க வேண்டும்; முடிவுக் கோப்பில் எழுத வேண்டும். ஆகவே பூட்டு இரண்டு இடங்களில் தடை செய்யலாம். மூலத்தில் படிப்பதைத் தடுக்கலாம். முடிவில் எழுதுவதைத் தடுக்கலாம். இரண்டுக்கும் இடைப்பட்ட பாதையிலும் தடை நேரலாம். எங்கே தடை என்று அறியாமல் எல்லாப் பூட்டுகளையும் உடைப்பது அறிவுடைமை ஆகாது.

மூலத்தை முதலில் பார்ப்போம். எக்செல் கோப்புக்கு இடும் பூட்டுகளில் இரண்டு வகைகளை மாணவர்கள் பிரித்தறிய வேண்டும். ஒன்று தாள் பூட்டு. இது கட்டங்களில் யாரும் எழுதாதபடி காக்கிறது. ஆனால் எண்களை மறைப்பதில்லை. மற்றொரு கோப்பு வந்து படித்தால் தாராளமாகப் படித்துக்கொள்ளலாம். மற்றது திறப்புப் பூட்டு. கோப்பைத் திறக்கும்போதே கடவுச்சொல் கேட்பது இதுதான். இது கோப்பு முழுவதையும் மறைகுறியாக மாற்றிவிடுகிறது. கடவுச்சொல் இல்லாதவருக்கு உள்ளே இருப்பது பொருளற்ற எழுத்துக் குவியலே.

அப்படியானால் கணிப்பொறி ‘பூட்டியிருக்கிறது’ என்று சொல்லாமல், ‘சிதைந்துள்ளது’ என்று ஏன் சொல்கிறது? 2007-ஆம் ஆண்டு எக்செல் முதற்கொண்டு வழக்கமான கோப்பு ஒவ்வொன்றும் உண்மையில் ஒரு மூட்டை. பல சிறு கோப்புகளைச் சேர்த்து ‘ஜிப்’ என்னும் முறையில் கட்டிய மூட்டை. அம்முறையை 1989-இல் வகுத்தவர் ஃபில் காட்ஸ் என்னும் அமெரிக்கர். அவர் பெயரின் முதலெழுத்துகளான ‘பி’, ‘கே’ என்ற இரண்டும் அத்தகைய மூட்டையின் தொடக்கத்தில் முத்திரைபோல் நிற்கும். திறப்புப் பூட்டு இட்டவுடன் மூட்டை முழுவதும் மறைகுறியாகி, வேறொரு வகைப் பெட்டிக்குள் போய்விடுகிறது. படிக்க வந்த இணைப்புக் கருவி பழைய முத்திரையைத் தேடுகிறது, காணவில்லை. கடவுச்சொல்லைக் கேட்டுப் பெறும் வசதியும் அக்கருவிக்கு இல்லை. ஆகவே ‘சிதைந்தது’ என்று முடிவு கட்டிவிடுகிறது.

காஞ்சியில் இருப்பவருக்கு இதை விளக்க நெடுந்தூரம் போக வேண்டியதில்லை. வரதராசப் பெருமாள் கோயிலின் அனந்தசரஸ் குளத்தில், நீருக்கடியில் அத்தி வரதர் எழுந்தருளியிருக்கிறார். 1979-இல் வெளிவந்தார், பின்னர் 40 ஆண்டுகள் கழித்து 2019-இல் வெளிவந்து 48 நாட்கள் காட்சி தந்தார், மீண்டும் நீருக்குள் எழுந்தருளினார். இடைப்பட்ட காலத்தில் குளக்கரையில் நின்று பார்த்தவர் கண்ணுக்கு நீர்தான் தெரிந்தது. அதனால் உள்ளே ஒன்றும் இல்லை என்று எவரும் சொல்லவில்லை. காக்கப்பட்டது வேறு, அழிந்தது வேறு. இந்த வேறுபாட்டைக் காஞ்சி மக்கள் அறிவார்கள், கணிப்பொறி அறியாது. ஆகையால் ‘சிதைந்துள்ளது’ என்ற செய்தியைக் கண்டவுடன் அஞ்சி, மூலக் கோப்பை அழித்துவிட்டுப் புதிதாக எழுதத் தொடங்கக் கூடாது. அதுவே பெரிய இழப்பாக முடியும்.

இனி முடிவுக் கோப்பைப் பார்ப்போம். தொகுத்துக் காட்டும் ‘பிவட்’ அட்டவணை ஒரு தாளில் இருக்கிறது. அத்தாளுக்குத் தாள் பூட்டு இட்டால், புதுப்பிக்கும் பொத்தான் மங்கிப்போகும். பூட்டும்போது, ‘பிவட் அட்டவணையைப் பயன்படுத்தலாம்’ என்று அனுமதி அளித்திருந்தாலும், வரிசை மாற்றிப் பார்க்கலாமே தவிரப் புதுப்பிக்க இயலாது. இதில் மற்றொரு நுட்பமும் உண்டு. ஒரே மூலத்திலிருந்து பிறந்து, ஒரே நினைவுச் சேமிப்பைப் பகிர்ந்துகொள்ளும் இரண்டு பிவட் அட்டவணைகள் இருவேறு தாள்களில் இருப்பதாக வைத்துக்கொள்வோம். அவற்றுள் ஒரு தாள் பூட்டியிருந்தாலும் போதும்; பூட்டாத தாளிலுள்ள அட்டவணையும் புதுப்பிக்க மறுத்துவிடும். பூட்டில்லாத தாளை எத்தனை முறை சோதித்தாலும் குற்றம் அகப்படாது. அடுத்த தாளைப் பார்த்தால்தான் அகப்படும்.

பாதையில் நேரும் தடைகள் எளியவை. ஆயினும் அடிக்கடி நேர்பவை. மூலக் கோப்பு இருக்கும் உறையில் நுழையவே அக்கணிப்பொறிக்கு உரிமை இல்லாதிருக்கலாம். கோப்பின் பெயரோ இடமோ மாறியிருக்கலாம். வேறொருவர் அக்கோப்பைத் திறந்து வைத்துக்கொண்டு வேலை செய்வதால் தற்காலிகமாகப் பூட்டியிருக்கலாம். மின்னஞ்சலில் வந்த கோப்பானால், எக்செல் அதை நம்பாமல் காப்புப் பார்வையில் திறக்கும். மேலே மஞ்சள் பட்டை ஒன்று தெரியும். அதில் அனுமதி தரும் வரை புதுப்பித்தல் நடவாது. இங்கே பிழைச் செய்தி எதுவும் வராமலும் போகலாம். பழைய எண்களே அமைதியாக நிற்கும். செய்தி சொல்லும் பிழையை விடச் செய்தி சொல்லாத பிழை கொடியது. பார்ப்பவர் அதைப் புதுக்கணக்கு என்றே நம்பிவிடுகிறார் அல்லவா?

ஆகவே பிழை நேர்ந்தால் செய்ய வேண்டியவற்றை வரிசையாகச் சொல்லுகிறேன். முதலாவது, எதையும் மாற்றுவதற்கு முன் இரண்டு கோப்புகளுக்கும் படி எடுத்து வைக்க வேண்டும். தோன்றிய செய்தியைச் சொல் பிசகாமல் எழுதிக்கொள்ள வேண்டும். இரண்டாவது, மூலக் கோப்பைக் கையால் திறந்து பார்க்க வேண்டும். கடவுச்சொல் கேட்டால் தடை மூலத்தில்தான். கேளாமல் திறந்து எண்கள் சரியாகத் தெரிந்தால் மூலம் குற்றமற்றது. அடுத்த இடத்துக்குப் போகலாம். மூன்றாவது, கூலிக் கோப்பு இருக்கும் அதே கணிப்பொறியில், அதே குமாஸ்தாவின் பெயரில் நுழைந்து, மூலக் கோப்பைத் திறக்க முடிகிறதா என்று சோதிக்க வேண்டும். முடியாவிட்டால் தடை பாதையில். நான்காவது, கூலிக் கோப்பில் மஞ்சள் பட்டை தெரிகிறதா, பொத்தான் மங்கியிருக்கிறதா, எந்தத் தாளாவது பூட்டியிருக்கிறதா என்று எல்லாத் தாள்களையும் பார்க்க வேண்டும். ஒவ்வொரு முறையும் ஒன்றை மட்டுமே மாற்றிச் சோதிக்க வேண்டும். அறுந்த இழையைத் தேடும் நெசவாளர் பாவு முழுவதையும் கலைப்பதில்லை. ஓரிழை ஓரிழையாகத்தான் பார்க்கிறார்.

காரணம் தெரிந்துவிட்டது. பரிகாரம் என்ன? பூட்டுகளையெல்லாம் நீக்கிவிடுவதா? அன்று. தணிக்கையாளர் கேட்ட பாதுகாப்பு நியாயமானது. பூட்டை இடம் மாற்றி இடுவதே பரிகாரம். மூலக் கோப்புக்குத் திறப்புக் கடவுச்சொல் இடுவதற்குப் பதிலாக, அது இருக்கும் உறைக்கு உரிமை வகுக்கலாம். கிளைக் குமாஸ்தாவுக்கு எழுதும் உரிமை. தலைமை அலுவலகத்துக்குப் படிக்கும் உரிமை மட்டும். பிறருக்கு எதுவும் இல்லை. கூலிக் கோப்பில் பிவட் அட்டவணைகளைத் தனித் தாள்களில் பூட்டாமல் வைத்து, விகிதங்களும் சூத்திரங்களும் உள்ள தாள்களை மட்டும் பூட்டலாம். அட்டவணைத் தாளையும் பூட்டித்தான் ஆக வேண்டுமென்றால், பொறுப்பாளர் பூட்டைத் திறந்து, புதுப்பித்து, மீண்டும் பூட்டுவதை வேலை ஒழுங்காக்கிக்கொள்ளலாம். இவற்றோடு இரண்டு சிறு வழக்கங்களும் வேண்டும். தொகுப்பின் தலைப்பில், கடைசியாக வந்த சேலையின் தேதி பளிச்சென்று தெரிய வேண்டும். அலமாரியிலுள்ள சேலைகளின் எண்ணிக்கையையும் திரையிலுள்ள எண்ணிக்கையையும் கூலி கொடுப்பதற்கு முன் ஒப்பிட வேண்டும்.

காஞ்சிக்கு அருகே உத்திரமேரூர் இருக்கிறது. அங்குள்ள வைகுந்தப் பெருமாள் கோயில் சுவரில், முதலாம் பராந்தக சோழன் காலத்து ஊர்ச்சபைத் தீர்மானங்கள் இரண்டு பொறிக்கப்பட்டுள்ளன. ஒன்று 919-ஆம் ஆண்டினது. மற்றது 921-ஆம் ஆண்டினது. குடவோலை எடுக்கும்போது குடத்தை எல்லாரும் காணத் தூக்கிக் காட்ட வேண்டும். ஓலையை வாங்குபவர் ஐந்து விரல்களையும் விரித்து உள்ளங்கையில் வாங்க வேண்டும். வாசித்த ஓலையை அங்குள்ள நம்பிமார் எல்லாரும் வாசிக்க வேண்டும் என்று விதித்தார்கள். முன்பு வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவர் பெயரைக் குடத்தில் இடவும் கூடாது. பாதுகாப்பு கடுமையானதுதான். ஆனால் எதையும் மறைத்து அவர்கள் காக்கவில்லை. எல்லாரும் காணும்படி வைத்துக் காத்தார்கள். கல்லில் வெட்டிய விதியையும், தேவை கண்டபோது, இரண்டே ஆண்டில் திருத்தி எழுதினார்கள்.

கணக்கைக் காப்பது திருடனிடமிருந்து மட்டுமன்று. மறதியிலிருந்தும் தேக்கத்திலிருந்தும் காக்க வேண்டும். திருத்தக்கூடாதவர் கை படாமலும், படிக்க வேண்டியவர் கண்ணுக்கு மறையாமலும் இருக்கும் கணக்கே நல்ல கணக்கு. நீங்கள் நாளை ஒரு வங்கியிலோ, மருத்துவமனையிலோ, கூட்டுறவுச் சங்கத்திலோ கணிப்பொறி முன் அமரப் போகிறவர்கள். கடவுச்சொல் ஒன்றை இடுவதற்குமுன், இதை யாரிடமிருந்து பூட்டுகிறோம், யாருக்காகத் திறந்து வைக்கிறோம் என்று ஒரு கணம் நினைத்துப் பாருங்கள். அந்த ஒரு கணத்து நினைவு, வரிசையில் நிற்கும் ஒரு முதியவரின் ஒரு வாரத்துக் கூலியைக் காப்பாற்றக்கூடும்.