நிறம் சொல்லும் சாட்சியம்

"தம்பி, நீர் ஆற்றை பிள்ளை?" என்று என் அன்னையார் என்னை வினவிய மாலைப்பொழுதை என்னால் மறக்க இயலாது. அறுபது ஆண்டுகளாக என் குரலைக் கேட்ட செவிக்கு அன்று நான் அந்நியனானேன். வைத்தியர், அல்சைமர் நோய் என்றார். அயல்வீட்டு ஆச்சியோ, "மஞ்சளைப் பாலிலை காய்ச்சிக் குடுங்கோ, மறதி போயிடும். வெளிநாட்டு ஆராய்ச்சியிலையும் கண்டுபிடிச்சிருக்கினமாம்" என்றார். அன்போடு சொன்னதைத் தட்ட மனம் வரவில்லை, பாலைக் காய்ச்சினேன். ஆயினும், இரசாயனம் கற்பித்து ஓய்வு பெற்றவனாதலின், அவ்வாராய்ச்சி யாதெனத் தேடிப் படிக்கலானேன். படித்தறிந்ததை வாசகர்களோடு பகிர்ந்துகொள்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

இந்நோயுற்றோரின் மூளையில் அமிலோயிட் என்னும் புரதப் படிவுகள் காணப்படுகின்றன. தனித்தனியே கரைந்து கிடக்க வேண்டிய சிறு புரதங்கள், மடிப்புத் தவறி, ஒன்றன்மேலொன்றாக அடுக்கி, இழைகளாகத் திரள்கின்றன. அமிலோயிட் என்ற பெயரே ஒரு தவறான சாட்சியத்தால் வந்ததாகும். 1854ஆம் ஆண்டில் ஜேர்மனிய அறிஞர் ருடோல்வ் விர்கோ, இத்தகைய படிவின்மீது அயடீனை இட்டபோது அது நிறம் மாறக் கண்டு, மாப்பொருள் போன்றதெனக் கருதி அப்பெயரை வழங்கினார். 1859இல் பிரீட்றைக், கெக்குலே என்னும் இருவர் அதனை இரசாயன முறையாற் பகுத்துப் பார்த்தனர். அதில் மாப்பொருள் இல்லை, புரதமே உண்டு எனத் தெளிந்தனர். நிறம் பொய்த்தது, பெயர் மட்டும் நிலைத்தது.

பின்வந்தோர் ஒரு சாட்சியோடு அமையவில்லை. 1922இல் கொங்கோச் சிவப்பு என்னும் சாயம் இப்படிவிற் பற்றுவது கண்டறியப்பட்டது. 1927இல், அவ்வாறு சாயமேற்றிய படிவு முனைவாக்கிய ஒளியில் அப்பிள் பச்சையாய் மின்னுவது கண்டறியப்பட்டது. 1959இல் இலத்திரன் நுணுக்குக்காட்டி இழைகளை நேரே காட்டிற்று. ஒரு மில்லிமீற்றரை ஒரு இலட்சம் கூறாக்கினால் வரும் ஒரு கூறே ஓர் இழையின் பருமன். 1968இல் எக்ஸ் கதிர்ச் சோதனை, இழைக்குள்ளே புரதங்கள் ஏணிப்படிகள்போல் அடுக்கப்பட்டிருப்பதை உணர்த்திற்று.

இழை உருவாகும் வேகத்தை அளக்க இன்று பெரிதும் பயன்படுவது தயோபிளேவின்-ரி என்னும் சாயமாகும். திரளாத தனிப் புரதத்தை மட்டும் வடித்தெடுத்து, பனிக்கட்டியிற் குளிரவைத்து, சாயத்துடன் கலந்து, 96 சிறு குழிகள் கொண்ட தட்டில் இடுவர். உடற்சூடாகிய 37 பாகை செல்சியசில் வைத்து, ஊதாநீல ஒளியைச் செலுத்தி, சில நிமிடங்களுக்கு ஒருமுறை அளப்பர். தனிப் புரதத்தின் முன் சாயம் ஒளிர்வதில்லை. இழையிற் பற்றினால் ஒளிரும்.

முதலில் நெடுநேரம் இருளே நிலவும். பின்னர் ஒளி திடீரெனச் செங்குத்தாய் ஏறி, உச்சியில் நிற்கும். அந்த இருட்பொழுதில் ஒன்றுமே நிகழவில்லையென எண்ணுவது பிழை. கண்ணுக்கு எட்டா இழைகள் அப்போதே முளைத்து வளர்கின்றன. 2013இல் வெளியான ஆய்வொன்று, முன் உருவான இழையின் மேற்பரப்பிலேயே புதிய முளைகள் பிறப்பதைக் காட்டிற்று. பனங்கற்கண்டுப் பானையை எண்ணுக: கட்டித் தொங்கவிட்ட நூலில் ஒரு மணி படிந்துவிட்டால், மற்றவை அதனைப் பற்றி வளரும். இங்கும் ஆயத்தமான இழையிற் சிறிதளவைக் குழியில் இட்டால், இருட்பொழுது குறுகிவிடும்.

இனி மஞ்சளுக்கு வருவோம். மஞ்சளின் நிறப்பொருளாகிய குர்குமினைக் குழியில் இட்டபோது ஒளி குறைந்தது உண்மையே. ஆயின், சாயத்தைத் தூண்டும் அதே ஊதாநீல ஒளியைக் குர்குமினும் விழுங்குகிறது. எனவே, ஒளி குறைந்ததால் இழையும் குறைந்ததென முடிவு செய்தல் ஆகாதென 2009இல் ஆய்வாளர் எச்சரித்தனர். இலத்திரன் நுணுக்குக்காட்டியாலும் பிற முறைகளாலும் ஒத்துப் பார்த்த பின்னரே தீர்ப்புக் கூறல் வேண்டும். 2012இல் அமெரிக்காவில் வெளியான ஒரு சிறு சோதனையில், நோயாளருக்கு 24 வாரம் குர்குமின் கொடுத்தும் பயன் காணப்படவில்லை.

சோதனைக் குழி வேறு, மனித மூளை வேறு என்பதையும் மறத்தலாகாது. அமிலோயிட்டை அகற்றும் லெக்கனிமாப் என்னும் மருந்துக்கு 2023இல் அமெரிக்கா முழு அனுமதி வழங்கியது. அதுவும் நோயின் நடையைச் சற்றுத் தாமதிக்கின்றதேயன்றி, போன நினைவை மீட்டுத் தருவதில்லை.

"முன்னமே கவனித்திருக்கலாமே" என்ற குற்றவுணர்வு என்னை நெடுநாள் வருத்திற்று. நினைவு தடுமாறுவதற்குப் பத்தாண்டுகளுக்கும் முன்னரே படிவு தொடங்கிவிடுகின்றதாம். அன்னையார் திருவிழாவுக்குப் பலகாரம் சுட்டு, பேரப்பிள்ளைகளின் பெயரெல்லாம் வரிசையாய்ச் சொல்லி அழைத்த காலமே அந்த இருட்பொழுது. அன்று நான் எதைக் கண்டிருக்க முடியும்?

மஞ்சட்பாலை நான் நிறுத்தவில்லை. மருந்தென்றல்ல, அவர் விரும்பிக் குடிக்கின்றார் என்பதற்காக. குவளையை நீட்டும்போது இன்றும் அதே கேள்வி வரும்.

"உங்கடை பிள்ளைதான், அம்மா" என்பேன். அதைக் கேட்டு ஒவ்வொரு நாளும் புதிதாய் மகிழ்கின்றார்.