தேர்வுப் பட்டியலில் பெயர் இல்லையா? பிறந்த தேதியையும் பாருங்கள்



பத்து, பன்னிரண்டு வயதில் பள்ளி அணிக்கோ பயிற்சி மையத்துக்கோ தேர்வாகாத பிள்ளையை, "இவனுக்கு விளையாட்டு வராது" என்று நாமே ஒதுக்கிவிடுகிறோம். பிள்ளையும் அதை நம்பி மைதானத்துக்குப் போவதை நிறுத்திவிடுகிறது. அந்தத் தேர்வு எதை அளந்தது என்று முதலில் பார்ப்போம்.

வயதுப் பிரிவுக்கு ஒரு கணக்கு நாள் உண்டு. அது ஜனவரி 1 என்றால், ஜனவரியில் பிறந்தவனும் அதே ஆண்டு டிசம்பரில் பிறந்தவனும் ஒரே பிரிவில் நிற்பார்கள். இருவருக்கும் ஏறக்குறைய ஒரு வயது வித்தியாசம். பத்து வயதில் அது பெரிய இடைவெளி. மூத்தவனின் உயரமும் வேகமும் பயிற்சியாளரின் கண்ணுக்குத் திறமையாகத் தெரிகின்றன.

கனடாவில் ஐஸ் ஹாக்கி வீரர்களின் பிறந்த மாதங்களை ரோஜர் பார்ன்ஸ்லி என்ற உளவியல் ஆய்வாளர் குழுவாக ஆராய்ந்து 1985இல் வெளியிட்டார். ஆண்டின் முதல் மூன்று மாதங்களில் பிறந்தவர்களே மிக அதிகம். கடைசி மூன்று மாதங்களில் பிறந்தவர்கள் மிகக் குறைவு. அங்கே கணக்கு நாள் ஜனவரி 1. இங்கிலாந்தில் அது செப்டம்பர் 1 என்பதால், கால்பந்துப் பயிற்சி மையங்களில் செப்டம்பர் முதல் நவம்பர் வரை பிறந்த சிறுவர்கள் அதிகம். ஆக, மாதத்துக்கு எந்த மகிமையும் இல்லை. கோடு எங்கே போடப்படுகிறது என்பதே காரியம்.

பருவமடையும் வயதும் பிள்ளைக்குப் பிள்ளை மாறும். சீக்கிரம் வளர்ந்தவன் முந்துகிறான். தேர்வானவனுக்குக் கூடுதல் பயிற்சியும் போட்டிகளும் கிடைப்பதால் இடைவெளி இன்னும் விரிகிறது. பயிற்சியாளர் வேண்டுமென்றே ஓரவஞ்சனை செய்யாவிட்டாலும் இது நடக்கும்.

பிரான்ஸின் கால்பந்து வீரர் என்கோலோ கான்டே, நம் மார்க்கச் சகோதரர். சிறுவயதில் உருவத்தில் சிறியவர் என்று பெரிய மையங்கள் அவரைச் சேர்க்கவில்லை. உள்ளூர் சங்கத்திலேயே தொடர்ந்து விளையாடினார். 2018இல் உலகக்கோப்பை வென்ற அணியில் இருந்தார்.

பெற்றோர் செய்ய வேண்டியவை:

• கணக்கு நாள் எது என்று கேட்டு, பிள்ளையின் பிறந்த தேதியோடு ஒப்பிடுங்கள்.

• "எதில் முன்னேற வேண்டும்?" என்று பயிற்சியாளரிடம் பணிவாகக் கேளுங்கள்.

• தேர்வாகாவிட்டாலும் விளையாட்டை நிறுத்தாதீர்கள்.

• பிறப்புச் சான்றிதழில் தேதியை மாற்றாதீர்கள். அது பொய், இன்னொரு பிள்ளையின் உரிமையைப் பறிப்பது. பதினாறு வயதுக்குட்பட்டோர் கிரிக்கெட்டில் மணிக்கட்டை எக்ஸ்ரே எடுத்து எலும்பின் வயதைப் பார்க்கிறார்கள்.

நம் பகுதியில் பயிற்சி தரும் சகோதரர்களுக்கும் ஒரு வேண்டுகோள். தேர்வு ஓர் அமானிதம். பட்டியலை முடிக்குமுன் பிறந்த தேதிகளை ஒருமுறை பாருங்கள். அவ்வப்போது வயதை விட்டு, உடல் வளர்ச்சி ஒத்தவர்களைச் சேர்த்து ஆடவிடுங்கள். சிறிய பிள்ளையின் திறமை அப்போது தெரியும், இன்ஷா அல்லாஹ்.