'டைம் அண்ட் அகெய்ன்' என்றால் அடிக்கடி... அப்போ 'நவ் அண்ட் அகெய்ன்'?

நண்பர் ஒருவர் ஐடி கம்பெனியில் டெஸ்டிங் டீமில் இருக்கிறார். அவர் சோதித்துக்கொண்டிருந்த ஆப்பில் பேமென்ட் பக்கம் அடிக்கடி தொங்கிப் போகிறது. பத்து தடவை முயற்சி செய்தால் ஏழு தடவை அப்படியே நிற்கிறது. இதை டிக்கெட்டில் பதிவு செய்தவர், 'தி பேமென்ட் பேஜ் ஃப்ரீஸஸ் நவ் அண்ட் அகெய்ன்' என்று எழுதிவிட்டார். மறுநாள் பார்த்தால் அந்த டிக்கெட் 'லோ பிரையாரிட்டி' வரிசையில் கடைசியில் கிடக்கிறது.

நண்பருக்கு டெவலப்பர் மேல் செம கோபம். ஆனால் டெவலப்பர் மேல் தப்பே இல்லை. எழுதியிருந்ததைத்தான் அவர் படித்தார். 'நவ் அண்ட் அகெய்ன்' என்றால் 'எப்பவாச்சும் ஒரு தடவை' என்று அர்த்தம். நண்பர் சொல்ல நினைத்தது 'டைம் அண்ட் அகெய்ன்'. அதாவது, திரும்பத் திரும்ப.

ஒரே ஒரு வார்த்தை மாறியதில் அர்த்தம் கிட்டத்தட்ட தலைகீழ். இரண்டிலும் 'அகெய்ன்' இருப்பதால் இரண்டுமே 'மறுபடி மறுபடி' என்றுதான் நம் காதில் விழுகிறது. சிக்கல் அங்கேதான். முன்னால் 'எவ்ரி' சேர்த்து 'எவ்ரி நவ் அண்ட் அகெய்ன்' என்று சொன்னாலும் அதே 'எப்பவாச்சும்'தான். 'எவ்ரி'யைப் பார்த்து ஏமாறாதீர்கள்.

சரி, 'திரும்பத் திரும்ப' என்று சொல்ல எதைப் போடலாம்? 'அகெய்ன் அண்ட் அகெய்ன்' எல்லா இடத்துக்கும் பொருந்தும், பத்திரமானது. 'ஓவர் அண்ட் ஓவர்' என்றால் அச்சு அசலாக அதே விஷயம் சுற்றிச் சுற்றி வருவது. ஒரே பாட்டை ராத்திரி முழுக்க லூப்பில் கேட்பது இந்த வகை. கொஞ்சம் சலிப்பும் அதில் ஒட்டியிருக்கும். 'டைம் அண்ட் அகெய்ன்' கொஞ்சம் கோட் போட்ட ஆள். வெவ்வேறு சந்தர்ப்பங்களில், நீண்ட காலமாக நடந்துவருவதைச் சொல்ல வரும். நாளிதழ் தலையங்கம், மேடைப் பேச்சு, ஆபீஸ் ரிப்போர்ட் போன்ற இடங்களில் பார்க்கலாம். ராத்திரி கேட்ட பாட்டுக்கு அதைப் போட்டால், கல்யாண மண்டபத்துக்குப் போட வேண்டிய வேட்டியை ஜிம்முக்குக் கட்டிக்கொண்டு போன மாதிரி இருக்கும்.

எங்கே வைப்பது?

நம்மில் நிறைய பேர் சறுக்குவது இங்கேதான். தமிழில் வினைச்சொல் கடைசியில் வரும். 'எத்தனை தடவை' என்பது அதற்கு முன்னால் வரும். 'நான் அவன்கிட்ட திரும்பத் திரும்பச் சொன்னேன்.' மனசு இதே வரிசையில் யோசிக்க, வாயில் 'ஐ அகெய்ன் அண்ட் அகெய்ன் டோல்ட் ஹிம்' என்று வந்துவிடுகிறது. புரியும், ஆனால் இயல்பாக இல்லை. ஆங்கிலத்தில் இது வழக்கமாக வாக்கியத்தின் வாலில் வரும்: 'ஐ டோல்ட் ஹிம் அகெய்ன் அண்ட் அகெய்ன்.'

'டைம் அண்ட் அகெய்ன்'க்குக் கொஞ்சம் கூடுதல் சுதந்திரம் உண்டு. வாலிலும் வரும், ஒரு கமா போட்டுத் தலையிலும் வரும்: 'டைம் அண்ட் அகெய்ன், வி ஹேவ் சீன் திஸ் ஹேப்பன்.' 'ஷி ஹேஸ் டைம் அண்ட் அகெய்ன் ப்ரூவ்ட் ஹெர்செல்ஃப்' என்று நடுவில் செருகினாலும் தப்பில்லை. வங்கித் தேர்வுக்குப் படித்தவர்களுக்கு ஒரு விஷயம்: 'நெவர்', 'செல்டம்' போன்றவை வாக்கியத்தின் முதலில் வந்தால் 'நெவர் ஹேவ் ஐ சீன்' என்று வரிசையைத் திருப்பிப் போடுவோம் இல்லையா? இங்கே அந்தத் திருப்பல் தேவையில்லை. 'வி ஹேவ்' அப்படியே இருக்கட்டும்.

இன்னொரு வழக்கம், நடுவில் இருக்கும் 'அண்ட்'டை விழுங்கிவிடுவது. 'சூடா சூடா', 'மெல்ல மெல்ல' என்று அடுக்கிப் பழகிய நாக்கு நமக்கு. தமிழில் இது முறைப்படியான இலக்கணம். ஒரே சொல்லை இரண்டு, மூன்று, நான்கு தடவை வரை அடுக்கலாம் என்று நன்னூலே அனுமதி கொடுத்திருக்கிறது. ஸ்கூலில் அடுக்குத்தொடர் என்று படித்தோமே, அதேதான். ஆனால் அந்த அனுமதிச் சீட்டு ஆங்கிலத்தில் செல்லாது. 'ஹி இஸ் காலிங் அகெய்ன் அகெய்ன்' என்றால் நம்ம ஊர் முத்திரை விழுந்துவிடும். 'அண்ட்' கட்டாயம். அதற்குப் பதில் 'ஹி கீப்ஸ் காலிங்' என்றால் இன்னும் சுலபம். 'கீப்' வந்தாலே திரும்பத் திரும்ப என்கிற அர்த்தம் உள்ளே வந்துவிடுகிறது.

ஒரு சுவாரசியம். பழைய ஆங்கிலத்தில் 'அகெய்ன்' என்பதற்கு 'எதிரே', 'திரும்பி' என்ற பொருள்கள் இருந்தன. 'அகெய்ன்ஸ்ட்' அதிலிருந்து கிளைத்ததுதான். 'மறுபடியும்' என்ற அர்த்தம் அப்புறம்தான் வந்து உட்கார்ந்தது. நம்ம 'திரும்ப' வந்தது 'திரும்பு' என்பதிலிருந்து. 'மீண்டும்' வந்தது 'மீள்' என்பதிலிருந்து. போய்விட்டுத் திரும்பி வருவது என்ற படம் இரண்டு மொழிக்கும் பொதுவாக இருக்கிறது. உச்சரிப்பில் 'அகென்', 'அகெய்ன்' இரண்டையும் அகராதிகள் ஏற்கின்றன. அதற்காக யாரும் யாரையும் கிண்டல் பண்ண வேண்டாம்.

மெயிலில் ஜாக்கிரதை

இலக்கணம் சரியாக இருந்தாலும் தொனி காலை வாரிவிடும். 'ஐ ஹேவ் டோல்ட் யூ அகெய்ன் அண்ட் அகெய்ன்' என்று கிளையன்ட்டுக்கு எழுதினால், 'எத்தனை தடவைதான்யா சொல்றது?' என்று அதட்டுவதாகத்தான் போய்ச் சேரும். மேனேஜருக்கு எழுதினால் என்ன ஆகும் என்று சொல்லத் தேவையில்லை. 'ஆஸ் மென்ஷன்ட் எர்லியர்' என்றாலே பாதி வேலை முடிந்தது. உண்மையிலேயே பல தடவை சொல்லியிருந்தால் 'ஆன் செவரல் அகேஷன்ஸ்' என்று எழுதலாம். அதிலும் கொஞ்சம் காரம் இருக்கிறது, ஆனால் தாங்கும். ஒரு தடவை சொன்னாலே போதும் என்பதெல்லாம் 'பாட்ஷா' மாணிக்கத்துக்குத்தான் செல்லுபடியாகும். நமக்கு ஃபாலோ-அப் மெயில்தான் கதி.

அப்புறம் அந்த டிக்கெட். நண்பர் முதலில் 'நவ்' என்பதை அழித்துவிட்டு 'டைம்' என்று மாற்றப் போனார். சீனியர் ஒருவர் எட்டிப் பார்த்து, "அதுவும் வேணாம்ப்பா, எண்ணிக்கையைப் போடு" என்றிருக்கிறார். 'ஃப்ரீஸஸ் இன் 7 அவுட் ஆஃப் 10 அட்டெம்ப்ட்ஸ்' என்று மாற்றி எழுதினார். அன்று மதியமே டிக்கெட் 'ஹை'க்கு ஏறிவிட்டது.