புதையுண்ட நாணயம் வரலாற்றுச் சான்றாவது எப்படி?

க.பொ.த. (சாதாரண தரம்) வரலாறு – தொல்பொருள் மூலாதாரங்கள்



நாணயங்கள் பற்றிய வினாவுக்கு விடையெழுதும்போது உங்களிற் பலர், "நாணயங்கள் மூலம் மன்னர்களின் பெயர், வணிகத் தொடர்பு, பொருளாதார நிலை என்பவற்றை அறியலாம்" என்ற ஒரே வசனத்துடன் நிறுத்திவிடுகிறீர்கள். வசனம் பிழையன்று. ஆயினும் அவற்றை எப்படி அறிகிறோம் என்பதை அது சொல்லவில்லை. விளக்குக என்ற வினாவில் கூடிய புள்ளிகள் அந்த "எப்படி" என்பதற்கே உரியவை.

ஒருமுறை எனது வகுப்பு மாணவன் ஒருவன் களிம்பேறிய செப்பு நாணயம் ஒன்றைக் கொண்டுவந்து, "சேர், இது எவ்வளவு பெறும்?" என்று கேட்டான். "எங்கே எடுத்தது? எவ்வளவு ஆழத்தில்? பக்கத்தில் வேறு என்ன கிடந்தது?" என்று நான் திருப்பிக் கேட்டேன். ஒன்றுக்கும் அவனிடம் விடை இல்லை. நாணயம் கையில் இருந்தது. அதன் வரலாற்றிற் பெரும்பகுதி தொலைந்துவிட்டது. இக்கட்டுரை அந்தத் தொலைந்த பகுதியைப் பற்றியது.

1. உலோகம் கண்டறியும் கருவி

மெற்றல் டிடெக்ரர் எனப்படும் இக்கருவியை விஞ்ஞான பாடத்தில் நீங்கள் கற்ற மின்காந்தத் தூண்டலைக் கொண்டு விளங்கிக்கொள்ளலாம். கருவியின் அடியிலுள்ள கம்பிச் சுருளினூடாக ஆடலோட்ட மின் பாயும்போது மாறுகின்ற காந்தப்புலம் ஒன்று உண்டாகிறது. மண்ணுள் உலோகம் இருந்தால் அதில் மின்னோட்டம் தூண்டப்படுகிறது. அம்மின்னோட்டம் உண்டாக்கும் காந்தப்புலத்தைக் கருவி உணர்ந்து ஒலியெழுப்புகிறது. சிறு நாணயமொன்றை ஏறத்தாழ 20 முதல் 30 சென்ரிமீற்றர் ஆழம் வரையிலேயே சாதாரண கருவியால் உணர முடியும்.

ஒன்றைக் கவனியுங்கள். இக்கருவிக்கு உலோகம் மட்டுமே தெரியும். நாணயம் இருந்த மட்பானை, அருகிலுள்ள எலும்பு, கரி, மண்ணின் நிறமாற்றம் ஆகிய எதுவும் தெரியாது. ஆனால் நாணயத்தின் கதையைச் சொல்பவை பெரும்பாலும் அவைதான்.

2. தனி நாணயமும் நாணயக் குவியலும்

இங்கிலாந்தில் பூங்காக்களிலும் வயல்களிலும் இக்கருவியுடன் பழைய நாணயம் தேடுவது பலருக்குப் பொழுதுபோக்கு. அதற்கு நில உரிமையாளரின் அனுமதி வேண்டும். பொதுப் பூங்காவாயின் அதை நிருவகிக்கும் மன்றத்தின் அனுமதி வேண்டும். பூங்காவிற் கிடைப்பவை பெரும்பாலும் மக்களின் சட்டைப்பையிலிருந்து தவறியவை. அவை அவ்விடத்தில் மக்கள் நடமாடியதைக் காட்டும். ஒருவர் வேண்டுமென்றே சேர்த்துப் புதைத்தவை நாணயக் குவியல் எனப்படும். இவ்விரண்டையும் வேறுபடுத்தி எழுதப் பழகுங்கள்.

3. உதாரணம்: புரூம் நாணயக் குவியல் (2010)

2010 ஏப்ரல் மாதத்தில், இங்கிலாந்தின் சமர்செற் பிரதேசத்தில் புரூம் என்ற ஊருக்கு அருகேயுள்ள வயலொன்றில், மருத்துவமனையில் சமையற்காரராகப் பணியாற்றிய ஒருவர் கருவியுடன் தேடிக்கொண்டிருந்தார். ஒலி கேட்ட இடத்திற் சுமார் 35 சென்ரிமீற்றர் ஆழம் தோண்டியபோது சிறு நாணயங்களும் ஒரு மட்பானையின் வாய்ப்புறமும் தென்பட்டன.

இவ்விடத்தில்தான் அவர் சரியான முடிவை எடுத்தார். பானையை வெளியே இழுக்கவில்லை. குழியை மூடிவிட்டு, இத்தகைய கண்டுபிடிப்புகளைப் பதிவுசெய்யும் அலுவலருக்கு அறிவித்தார். பின்னர் தொல்லியலாளர்கள் வந்து, பானையை இருந்த இடத்தில் வைத்தே நாணயங்களை அடுக்கு அடுக்காக எடுத்து, ஒவ்வோர் அடுக்கையும் தனித்தனிப் பைகளிற் குறிப்பிட்டு வைத்தனர். மொத்தம் 52,503 உரோம நாணயங்கள். நிறை ஏறத்தாழ 160 கிலோகிராம்.

இதிலிருந்து பெறப்பட்டவை:

(அ) கி.பி. 286 முதல் 293 வரை உரோமப் பேரரசிலிருந்து பிரிந்து பிரித்தானியாவை ஆண்ட கரோசியஸ் என்பவனின் நாணயங்கள் 760இற்கு மேல் இருந்தன. அவற்றுள் ஐந்து வெள்ளி நாணயங்கள். குறுகிய காலம் ஆண்ட ஒருவன் தன் ஆட்சியை நிலைநாட்ட நாணயத்தைப் பயன்படுத்தியமை இதனாற் புலப்படுகிறது.

(ஆ) 160 கிலோகிராம் நிறையை மெல்லிய மட்பானை தாங்காது. எனவே பானையை முதலில் நிலத்தில் வைத்து, அதன் பின்னரே நாணயங்களை இட்டிருக்க வேண்டும்.

(இ) சிறிது சிறிதாகச் சேமித்திருந்தால் காலத்தாற் பிந்திய நாணயங்கள் மேலே இருக்கவேண்டும். ஆனால் பிந்தியவையான கரோசியஸின் நாணயங்களிற் பெரும்பாலானவை பானையின் நடுவுக்குக் கீழே, ஒரே அடுக்கிற் காணப்பட்டன. ஆகவே எல்லாம் ஒரே தடவையில் இடப்பட்டவை என ஆய்வாளர் கருதினர். அது தெய்வத்துக்கு இட்ட காணிக்கையா, அச்சத்தால் மறைத்த செல்வமா என்பது இன்றும் விவாதத்துக்குரியது.

(அ) நாணயத்தைப் பார்த்து அறியத்தக்கது. (ஆ), (இ) இரண்டும் அது கிடந்த நிலையால் மட்டுமே அறியத்தக்கவை. அவர் அன்று அவசரப்பட்டுப் பானையைக் கிளறியிருந்தால் நாணயம் ஒன்றுகூடக் குறைந்திராது; ஆனால் இவ்விரு முடிவுகளும் இல்லாமற் போயிருக்கும். 1996ஆம் ஆண்டின் புதையற் சட்டத்தின்படி அக்குவியல் 320,250 பவுணாக மதிப்பிடப்பட்டு அரும்பொருட்சாலையைச் சேர்ந்தது. அப்பணம் கண்டெடுத்தவருக்கும் நில உரிமையாளருக்கும் பகிரப்பட்டது.

4. நமது நாட்டில்

கந்தரோடை, மாந்தை, அநுராதபுரம் முதலிய இடங்களில் உரோம நாணயங்கள் கிடைத்துள்ளன. "சேது" என்ற எழுத்துப் பொறித்த நாணயங்கள் யாழ்ப்பாண மன்னர்களுக்குரியவை. ஆனால் இங்கு சட்டம் வேறு. 1940ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தொல்பொருட்கள் கட்டளைச் சட்டத்தின்படி, அனுமதிப்பத்திரமின்றித் தொல்பொருள் தேடி அகழ்வது குற்றம். புதையல் தோண்டியோர் கருவியுடன் கைதான செய்திகளைப் பத்திரிகையில் நீங்களே வாசித்திருப்பீர்கள்.

வடக்கு, கிழக்கு மாணவர்கள் இன்னொன்றையும் மனதில் வைத்திருத்தல் வேண்டும். இதே வகைக் கருவியைக் கொண்டுதான் கண்ணிவெடி அகற்றுவோர் வேலை செய்கிறார்கள். ஒலிக்குக் காரணம் நாணயமா வெடிபொருளா என்று கருவி சொல்லாது. எனவே நிலத்தில் உலோகப் பொருள் தென்பட்டால் தொடாதீர்கள், தோண்டாதீர்கள். இடத்தை அடையாளம் வைத்துக்கொண்டு பெரியவர்களுக்கும் கிராம அலுவலருக்கும் அல்லது பொலிசாருக்கும் அறிவியுங்கள். பழம்பொருளாயின் தொல்பொருளியல் திணைக்களம் பார்த்துக்கொள்ளும்.

நினைவிற் கொள்க
• நாணயத்தின் எழுத்து, உருவம், உலோகம் – முதலாவது சான்று.
• கிடைத்த இடம், ஆழம், உடன் கிடைத்த பொருட்கள் – இரண்டாவது சான்று.
• முதலாவதைப் பின்னரும் ஆராயலாம். இரண்டாவது ஒருமுறை அழிந்தால் மீளாது.

மாதிரி வினா
"நாணயம் ஒன்று அது கண்டெடுக்கப்பட்ட சூழலுடன் சேர்ந்தே முழுமையான வரலாற்று மூலாதாரமாகிறது." உதாரணம் தந்து விளக்குக.

விடைக் குறிப்பு: இரு வகைச் சான்றுகளையும் முதலிற் கூறுக. ஓர் உதாரணத்தை மட்டும் எடுத்து, சூழலால் அறியப்பட்ட முடிவுகள் இரண்டைக் காரணத்துடன் எழுதுக. உறுதியான முடிவையும் ஊகத்தையும் பிரித்துக் காட்டுக. பல உதாரணங்களின் பெயர்களை அடுக்குவதிலும் ஒன்றை ஒழுங்காக விளக்குவதே மேல்.